உமி போட்ட தரை

காபி ஆறிப்போய்விட்டது என்று நான் சலித்துக்கொண்டால் எதிர்வீட்டுக்காரர் நம்பமாட்டார். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா குத்தியிருக்கும் இடத்தில் அவர் ஒரு கண்ணாடிக் குச்சி வைத்திருப்பார், வெப்பமானி. அதை எடுத்து டம்ளருக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "ஆறலைம்மா, தாராளமா குடிக்கலாம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் குச்சி எங்கெங்கே போய்வந்தது என்று எனக்குத் தெரியாதா? அரசலாற்றுத் தண்ணீர், மாதா கோயில் வாசல் கல், கருக்களாச்சேரியிலிருந்து வரும் மீன் கூடை, என் மாமியார் வெந்நீர் போடும் அண்டா, எல்லாவற்றிலும் அது முங்கி எழுந்திருக்கிறது. அந்தக் காபியை வாசலில் ஊற்றிவிட்டு வேறு கலந்து குடிப்பேன். அதற்கும் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

தெருவில் எல்லோரும் அவரை முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொண்டு போனவர்கள் பலர் பட்டாளத்துக்குப் போனார்கள். இவர் போனது லியோன் நகரத்தில் ஒரு கட்டட அலுவலகத்துக்கு. அங்கேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, எழுபதுகளின் கடைசியில் பென்ஷனோடும் மனைவியோடும் திரும்பி வந்தார். பையன் அங்கேயே தங்கிவிட்டான். அப்போது எனக்குக் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து கொஞ்ச காலம்தான். வீட்டுக் கூடத்தில் தையல் மெஷினைப் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு எதிரில் இருந்த காலி மனையை அவர்கள் வாங்கினார்கள். வீடு எழும்பும்வரை பக்கத்திலேயே ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள்.

"அங்க என்ன வேலை பாத்தீங்க முசியே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னும் கட்டாத வீட்ல ஒரு வருஷம் குடியிருந்து பாக்கற வேலைம்மா" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ஒரு கட்டடத்துக்கு வரைபடம் போட்டவுடன் அது அவரிடம் வருமாம். சுவர் வழியாக எவ்வளவு சூடு வெளியே போகும், கூரை வழியாக எவ்வளவு, தரை வழியாக எவ்வளவு, தை மாதக் குளிரில் அடுப்புக்கு எவ்வளவு எண்ணெய் செலவாகும் என்று ஒரு வருஷம் முழுவதற்கும் கணக்குப் போட்டுச் சொல்லவேண்டுமாம். முதலில் கையால் போட்டார்களாம். பிறகு ஓட்டை போட்ட அட்டைகளை ஒரு அறை நிறைந்த கம்ப்யூட்டர் மெஷினுக்குத் தீனியாகப் போட்டு அது கக்குவதை வாங்கிக்கொண்டார்களாம். அதில் எல்லோரும் தப்புப் பண்ணுகிற இடம் தரைதான் என்பார். காற்றின் சூடு ஊருக்கே தெரியும், வீட்டுக்கு அடியில் கிடக்கும் மண்ணின் சூடு யாருக்குத் தெரியும்?

"மண்ணு ஒரு சோம்பேறிம்மா. வெயில் சித்திரையில அடிச்சா அதுக்கு ஆடியிலதான் உறைக்கும்" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். இந்த ஒன்றை அவர் வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோலத்தான் சொல்வார்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். சர்க்கரை நோய் அவர்களுக்கு. இரண்டு பாதமும் எரியும். எரிச்சல் என்றால் நமக்கு மிளகாய் பட்ட எரிச்சல்தான் தெரியும், அவர்களுக்கு அடுப்புத் தணலில் காலை வைத்ததுபோல இருக்குமாம். ராத்திரி தூங்கமுடியாது, பகலிலும் முடியாது. பிரான்சில் கால் குளிரில் விறைத்துப்போகும், கம்பளிக் காலுறை போட்டால் எரியும். "ஊருக்குப் போயிடலாங்க, வெறுந்தரையில காலை நீட்டிக்கிட்டு கொஞ்சம் தூங்கணும்" என்று அவர்கள் கேட்டதற்காகத்தான் முசியே அத்தனையையும் விட்டுவிட்டு வந்தார். எதிர் மனையில் எழுப்பப்போகும் வீடும் அந்த ஒரு தூக்கத்துக்காகத்தான். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. அக்கா சொன்னார்கள், சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார்கள்.

மனை வாங்கினால் நாம் என்ன செய்வோம்? பூஜை போட்டுக் கடைக்கால் எடுப்போம். அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள், மாதா கோயில் சாமியாரை அழைத்து மந்திரித்துவிட்டு ஆரம்பிக்கலாம். முசியே என்ன செய்தார் தெரியுமா? மனைக்கு நடுவில் ஒரு கை ஆழத்துக்கு இரும்புக் குழாயை இறக்கினார். தினம் காலையில் வந்து குந்தி உட்கார்ந்து அதற்குள் நூலில் கட்டிய வெப்பமானியை விட்டு எடுப்பார். ஒரு வருஷம் சுற்றி வரட்டும், பிறகுதான் செங்கல் என்று சொல்லிவிட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. வெள்ளைக்காரன் புதைத்துவைத்த காசைத் தேடுகிறார் என்று ஒரு கட்சி, ஊற்றுப் பார்க்கிறார் என்று ஒரு கட்சி. மாடு மேய்க்கிறவர்கள் குழாய்க்குள் கல்லைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதைக் குச்சியால் எடுத்துப்போட்டுவிட்டு மறுபடி உட்காருவார்.

அந்த வருஷத்தின் நடுவில் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மாமியாரிடம் கும்பிடு போட்டுவிட்டு, "ஒரு உதவி வேணுங்க. வெட்டவெளி மண்ணு வேற, வீட்டுக்கு அடியில இருக்கற மண்ணு வேற. உங்க கூடத்து மூலையில சின்னதா ஒரு துளை போட்டுப் பாத்துக்கறேன். பூசிக் குடுத்துடறேன்" என்றார்.

என் மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தே விட்டார்கள். "நல்லாருக்கே! மனுசர் குடியிருக்கற வீட்டுத் தரையத் தோண்டறதாமே! கொழந்தகுட்டி இருக்கற வீடுங்க இது. வேற பேச்சு இருந்தா பேசுங்க."

அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். தெருவில் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. நன்றாக இருக்கும் வீட்டின் தரையைக் குத்துவது ஆகாது என்பதில் எங்கள் ஊரில் எந்தச் சாதிக்கும் மதத்துக்கும் வித்தியாசம் கிடையாது. முசியே ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார்.

ஆனால் அவருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. லியோனிலும் சில சமயம் வீட்டுக்கு அடியில் அளக்க முடியாமல் போகுமாம். அப்போது வெளி மண்ணின் எண்ணை எடுத்துக்கொண்டு அதோடு கொஞ்சம் கூட்டிக்கொள்வார்களாம். "வீட்டுக்குள்ள ஆள் இருக்கு, அடுப்பு எரியுது, அந்தச் சூடு கீழ இறங்கி இறங்கி அடிமண்ணு தோட்டத்து மண்ணைவிடச் சூடாயிடும்மா" என்று எனக்கு விளக்கினார். ஏற்கெனவே வெயிலில் காய்ந்து கிடந்த மனையின் சூடு, அதற்கு மேல் இவர் கூட்டியது. எண் எங்கேயோ போய் நின்றது. இந்த ஊரில் மண்ணிலிருந்துதான் அனல் ஏறி வரப்போகிறது, அதைத் தரையிலேயே தடுத்தால்தான் அக்கா பிழைத்தார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

நெல் மில்லிலிருந்து உமி வண்டி வண்டியாக வந்தது. அதைக் கருக்கி, சுண்ணாம்பு கலந்து, தரை போடும் இடமெல்லாம் முழங்கால் உயரத்துக்குக் கொட்டி இடித்தார்கள். அதன்மேல் தார்ச்சீட்டு, அதன்மேல் கான்கிரீட், அதன்மேல் வழவழவென்று மொசைக். முசியே சொன்னதைக் கொத்தனார் செய்தார். கூரைக்கு மேல் மண்பானைகளைக் கவிழ்த்து இரண்டாவது தளம் போட்டார். மேற்கே ஜன்னலே கிடையாது. கடல் காற்று வருகிற பக்கமெல்லாம் ஜன்னல். சும்மா சொல்லக்கூடாது, பார்க்கக் கண் நிறைந்த வீடு அது. சாமியார் வந்து மந்திரித்த அன்று அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். முகம் அப்படிப் பூரித்திருந்தது.

சித்திரை வந்தது. அக்கா தரையில் கால் வைத்துவிட்டுச் சொன்னார்கள், "என்னங்க, தரை சுடுதுங்க."

முசியே குச்சியைத் தரையில் வைத்துப் பார்த்தார். காற்றில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. தரை தனியா சுடலை. உனக்கு நோவு. கால் பொய் சொல்லுது" என்றார்.

நான் அங்கேதான் இருந்தேன். அவர் காலில் தோல் செருப்பு. வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடப்பது அந்த ஊர்ப் பழக்கம், இங்கே வந்தும் விடவில்லை. அக்காவுக்கு அது முடியாது, எது உரசினாலும் எரியும்.

பிரியமில்லாத மனுஷர் என்று மட்டும் யாரும் நினைத்துவிடக்கூடாது. சாயங்காலமானால் கிணற்றுத் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து வைத்து, அக்காவின் பாதங்களை அவரே அதில் எடுத்து வைப்பார். தண்ணீரில் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார், அது வேறு விஷயம். விளக்கெண்ணெய் தடவிவிடுவார். அந்தக் காலத்தில் பெண்டாட்டி காலைத் தொட்ட புருஷன் எங்கள் தெருவில் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. காலைத் தொட்டார், கால் சொன்னதைத்தான் கேட்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்கா தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். எங்களுடையது ஓட்டு வீடு. மணல் நிரப்பி அதன்மேல் போட்ட சிவப்புச் சிமெண்ட் தரை, அங்கங்கே வெடிப்பு. அக்கா முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்துவிட்டு, உள்ளங்கால் இரண்டையும் தரையில் அப்பி வைத்துப் படுப்பார்கள்.

"நீ தைச்சுக்கிட்டே இரும்மா. எனக்கு அந்தச் சத்தம் ஒண்ணும் பண்ணாது" என்பார்கள். நான் அடுத்த தையல் போடுவதற்குள் குறட்டை வந்துவிடும். எழுந்து போகும்போது, "எம் புருஷன் கட்டாத வீட்லயெல்லாம் குடியிருந்து பாத்தாரு. கட்டின வீட்ல என்னைய வச்சுப் பாக்கறாரு" என்று சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அவரிடமே கேட்டுவிட்டேன். "முசியே, அக்கா எங்க வீட்டுக்கு வர்றது எம் மூஞ்சியப் பாக்க இல்ல. உங்க வீட்டுத் தரை தோசைக்கல்லா இருக்கு. எங்க தரை சில்லுனு இருக்கு. அதான் வர்றாங்க."

"உங்களுது ஓட்டு வீடும்மா, காத்து எறங்குது. அதான்."

"காத்து இல்ல, தரை. உங்க கால வச்சுத்தான் பாருங்களேன்!"

"கால் ஒரு கருவி இல்லம்மா. அதுக்கு எது புடிக்குமோ அதைச் சொல்லும்" என்று சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளையைத் தட்டுவதுபோல என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் சோறு வடிக்கும்போதெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வடித்தேன்.

ஒரு கோடை அப்படியே போனது. அடுத்த சித்திரையில் ஒரு மத்தியானம், பையனிடமிருந்து டிரங்க்கால் வந்திருக்கிறது என்று அக்காவைக் கூப்பிட முசியே எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டில் செருப்போடு உள்ளே வரமுடியாது, மாமியார் விடமாட்டார்கள். வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கூடத்துக்குள் காலை வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார். அக்கா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அப்படித் தூங்கி அவர் பார்த்ததே கிடையாது என்று நினைக்கிறேன். எழுப்பவில்லை. ஒரு காலை எடுத்து வைத்தார், இன்னொரு காலை எடுத்து வைத்தார். பிறகு குனிந்து தரையில் குச்சியை வைத்தார். எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தார்.

என் மாமியார் திண்டாடிப் போனார்கள். எத்தனை நாள் அக்கா அந்த இடத்தில் படுத்திருப்பதைப் பார்த்தவர்கள். "தோண்டணுமின்னா தோண்டிப் பாத்துக்கங்க. அந்தப் பொம்பளைக்காவச்சும் ஒரு வழி பொறக்கட்டும்" என்று அவர்களே சொன்னார்கள்.

மறுநாள் கூடத்து மூலையில் துளை போட்டுக் குழாய் இறக்கினார். குச்சியை விட்டு எடுத்தார். மறுபடி விட்டு எடுத்தார். எதிரே தன் வீட்டுக் கொல்லையில் வெயில் படும் இடத்தில் இன்னொரு குழாயை இறக்கி அதையும் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் தரைக்கு அடியில் பல டிகிரி குறைவு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"கூட்டிட்டேம்மா" என்றார். "கழிக்க வேண்டியதக் கூட்டிட்டேன்."

எனக்குப் புரியவில்லை என்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். அந்தக் குளிர் தேசத்தில் வீடு மண்ணுக்கு அடுப்பு. இங்கே வீடு மண்ணுக்குக் குடை. வீடு எழும்பிவிட்டால் அதன் அடியில் வெயிலே படாது, மண் ஆறிக்கொண்டே போகும், ஆறின மண் தரையை ஆற்றும். அந்தக் குளிர்ச்சியை அவர் உமியைக் கொட்டி அடைத்து வைத்திருக்கிறார். மேலே அறைக் காற்றில் காய்கிற தரைக்குக் கீழே போக்கிடம் இல்லை.

அன்றைக்கே கடப்பாரையை எடுத்திருந்தால் ஆயிற்று. ஆடிக்குள் புதுத்தரை காய்ந்திருக்கும். ஆனால் அவர் அவராச்சே. "ஒரு தடவ இல்லாத எண்ண வச்சுக்கிட்டுப் போட்டுத்தான் இப்படி ஆச்சு. இந்தத் தடவ ஒரு வருஷம் சுத்தி வரட்டும்மா. மழைக்காலத்துல அடிமண்ணு எப்படி இருக்கு, ஈரம் எவ்வளவு ஏறுது, எல்லாம் பாத்துட்டு ஒடைச்சிடறேன்."

"இன்னும் என்னாத்தப் பாக்கப்போறீங்க? அக்கா தூங்கறாங்களே, அது போதாதா? ஒடைங்க முசியே!" என்று நான் கத்தினேன். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து என்னை அதட்டினார்.

"ரெண்டாவது தடவையும் தப்பாச்சுன்னா அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்றார் முசியே. அந்த ஒரு பயம் அவரைப் பிடித்துக்கொண்டது.

அக்காவிடம் போனேன். நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். "பாவம், பாத்து முடிக்கட்டும்மா. இத்தன நாள் பொறுத்தாச்சு. உன் வீடு எங்க ஓடியாப்போவுது?" என்றார்கள்.

ஆடி வந்தது, ஐப்பசி வந்தது. அவர் தினமும் எங்கள் கூடத்து மூலையில் குந்தி உட்கார்ந்தார். அடைமழையில் அக்காவால் தெருவைக் கடக்கமுடியவில்லை, பிறகு வாசற்படியையே கடக்கமுடியவில்லை. சர்க்கரை சிறுநீரகத்தைப் பிடித்து முகம் வீங்கியது. மாசி மாதம், மாம்பூ பூத்து வெயில் இன்னும் ஏறாத ஒரு காலையில், புதுச்சேரி பெரியாஸ்பத்திரியில் போய்விட்டார்கள். அவர் கணக்கில் வருஷம் முழுதாகச் சுற்றியிருக்கவில்லை.

பங்குனியில் முசியே தரையை உடைத்தார். இரண்டு ஆளை வைத்துக்கொண்டு அவரும் கடப்பாரை பிடித்தார். உமி போட்டது போட்டபடி கறுப்பாக, பொட்டு ஈரமில்லாமல் கிடந்தது. அவ்வளவு நல்ல வேலை. வாரி வாரி வண்டியில் ஏற்றினார்கள். பழைய மாதிரி மணல் நிரப்பி சிவப்புச் சிமெண்ட் பூசினார்கள். தெருவில் அதைப்போலக் குளிர்ந்த தரை வேறு கிடையாது என்று என் மாமியாரே சொன்னார்கள். அதில் யாரும் படுக்கவில்லை. அவர் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தார்.

கல்லறைக்குப் பளிங்குக் கல் பதிக்கவேண்டும் என்று பையன் பிரான்சிலிருந்து எழுதினான். இங்கே பிரான்ஸ் போய்வந்த குடும்பங்களில் அதுதான் வழக்கம், பளிங்கும் பிரெஞ்சு எழுத்துமாகப் பளபளக்கும். இவர் வேண்டாம் என்றுவிட்டார். "கல்லு வெயில்ல சுட்டுப்போகும்" என்றாராம். வெறும் மண்மேடுதான். சித்திரை பிறந்ததும் நாலு மூங்கிலை நட்டு, மேட்டுக்கு மேல் கீற்றுப் பந்தல் போட்டார். கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் சண்டைக்கு வந்தாராம், சாமியார்தான் போகட்டும் விடு என்றாராம். பெண்டாட்டி போனதில் முசியேவுக்குக் கழன்றுவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

நான் ஒரு சாயங்காலம் பூ வாங்கிக்கொண்டு போனேன். வெயில் தாழ்ந்தும் தாழாத நேரம். பந்தலுக்கு வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், ரொம்ப நாளாக எனக்காகவே காத்திருந்த மாதிரி கிட்டே வந்தார்.

"கால்மாட்டுப் பக்கம் வந்து கொஞ்சம் வெறுங்காலோட நில்லும்மா" என்றார். "எனக்கு இப்ப குச்சி, என் கால் எதுவும் நம்பிக்கையா தெரியலை. நீ சொல்லு. எப்படி இருக்கு?"

செருப்பை விட்டுவிட்டு நாலடி நடந்தேன். வழி மணல் காலைப் பொசுக்கியது. குனிந்து கீற்றுக்கு அடியில் போய் நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை சுட்டால் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை. மண் நிஜமாகவே சில்லென்று இருந்தது.